கடலில் விழுந்த இஸ்திரிப்பெட்டி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இடது கையை அடுப்பின் இரும்புக் கதவில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். அடுப்பு அணைந்து கிடக்கிறது. எங்கள் ஸ்காட்லாந்துக் கரையில், குளிர்ந்த இரும்பைத் தொட்டபடி பொய் சொன்ன மீனவன் கடலோடு போய்விடுவான் என்பார்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் நனையாமல் இருக்கிறேன். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எங்கள் ஊர் போர்ட்டாரியில் ஆண்களில் பாதிப் பேர் ஜார்ஜ் லோவி. மீதிப் பேர் ஜார்ஜ் லோவியின் மைத்துனர்கள். பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் பைத்தியமாகிவிடுவார். என்னை வீட்டில் டோட் என்று கூப்பிடுவார்கள். ஊரில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'வேதவாக்கு'. அதைச் சொல்லும்போது ஏன் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.

கடலில் சொல்லக்கூடாத சொற்கள் எங்களுக்குச் சில உண்டு. எல்லாவற்றிலும் கெட்டது பன்றி. கை இரும்பில் இருப்பதால் எழுதுகிறேன். நீங்கள் படகில் உட்கார்ந்து படிப்பதாக இருந்தால் அந்த இடத்தை மனதுக்குள் படித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு வலை கிழியும், இல்லாவிட்டால் காற்று திரும்பும். போர்ட்டாரிக்காரன் சொன்னால் பனி வரும். கடலிலிருந்து எழுந்து, பால் பொங்குவதுபோல் கரை மேல் ஏறும் வெள்ளைப் பனி. யாராவது உடனே குளிர்ந்த இரும்பைத் தொட்டுவிட்டால் சொல் அங்கேயே செத்துவிடும். தாமதித்தால் போயிற்று.

கோட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே பாறை முனையில் நிற்கிறது. முக்கால்வாசி கடலுக்குள் இறங்கிவிட்டது. அதில் கடைசியாகக் குடியிருந்த பிரபு, ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே படியிறங்கி வந்தாராம். சாப்பாட்டறையைக் காணோம். அப்படியே நடந்து எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு வந்து ஓட்ஸ் கஞ்சி குடித்துவிட்டுப் போனார். கஞ்சி உப்பு என்று குறை சொன்னார். அந்தக் கிண்ணம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, கோழிக்குத் தண்ணீர் வைக்கிறோம். இப்போது கோட்டையில் மிஞ்சியிருப்பது பாதிக் கோபுரமும் அதன் உச்சியில் ஒரு ஜன்னலும்தான். ஜன்னலுக்குப் பின்னால் அறை கிடையாது. வானம்தான்.

அந்த ஜன்னலைப் படம் எடுக்கத்தான் எல்ஸ்பெத் வந்தாள்.

எல்ஸ்பெத் மெயரும் நானும் ஒரே தெரு. அவள் மீன் அரியும் வேகத்தைப் பார்க்கக் கடற்பறவைகள் வேலிமேல் வரிசையில் உட்காரும். இளவயதில் ஒரு வருஷம், ஹெர்ரிங் மீன் பிடிக்க நாங்கள் தெற்கே யார்மத்துக்குப் புறப்பட்ட காலையில், அவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கூடை நிறைய மீனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பச் சொல்ல மாட்டேன். நீ திரும்பி வர்ற அன்னிக்கு, படகுல இருந்து அந்த ஜன்னலப் பாரு. என் மஞ்சத் துணி கட்டியிருந்தா சரின்னு அர்த்தம். இல்லேன்னா கரையில என்னப் பாத்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக்கூடாது."

"காத்துல பறந்துபோச்சுன்னா?"

"நான் முடிச்சுப் போட்டா பறக்காது."

இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். தெளிவான வானம். பாறை முனை தெரிந்தது, கோபுரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் ஜன்னல். நான் படகின் முன்மூக்கில் ஏறி நின்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் படகின் சமையல்காரன் வில்கி லெக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"எங்க வீட்டுக்காரி இன்னிக்குப் பன்னிக்கறி வெச்சிருப்பா."

ஆறு பேரும் நங்கூரத்தைத் தொட ஒரே நேரத்தில் பாய்ந்தோம். தலையோடு தலை மோதி ஆறு பேரும் மல்லாந்தோம். எழுந்து தொடுவதற்குள் என் கையே எனக்குத் தெரியவில்லை.

தட்டுத் தடுமாறிக் கரையேறினோம். பனி இரண்டு நாள் நின்றது. விலகியபோது ஜன்னலில் ஒன்றுமில்லை. அவள் கட்டவேயில்லையா, கட்டி அவிழ்த்தாளா? அதைக் கேட்க ஒரு வாய் வேண்டும். என் வாய் எதற்கும் திறக்கும், இதற்கு மட்டும் திறக்கவில்லை. வசந்தத்தில் எல்ஸ்பெத், தானிய வியாபாரி ஒருவனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குக் கப்பலேறினாள். வில்கி வீட்டில் அன்றைக்கு வெறும் மீன் சூப்தான் என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் நாற்பது சொச்சம் வருஷம். அதில் சொல்ல எதுவும் இல்லை. மீன் பிடித்தேன்.

ஒரு ஜூன் மாதம் பேருந்திலிருந்து எல்ஸ்பெத் இறங்கினாள். முடி உப்பு நிறமாகியிருந்தது. தோளில் கறுப்புக் கேமரா, கக்கத்தில் முக்காலி. புருஷன் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறதாம். நான் துறைமுகத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தேன்.

"டோட் லோவி! நீ இன்னும் சாகலியா?"

"முயற்சி பண்ணினேன். நேரம் கெடைக்கல."

என் தங்கை பெல்லா விதவை, என் வீட்டில்தான் இருக்கிறாள். மாடி அறையை வாடகைக்கு விடுவாள். எல்ஸ்பெத்தை அங்கே உட்கார வைத்து, தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்து, கனடாவின் கதையை எல்லாம் பிடுங்கினாள்.

"கதை என்ன கதை, கோதுமைதான்," என்றாள் எல்ஸ்பெத். "காலைல கதவத் தொறந்தா கோதுமை. சாயங்காலம் கதவச் சாத்தினா அந்தப் பக்கம் கோதுமை. முழங்காலுக்கு மேல ஒசரமா ஒரு பொருள் கெடையாது. அந்தக் கோட்டை ஜன்னல ஒரு படம் எடுத்து அடுப்படிச் செவத்துல மாட்டிக்கணும். அதுக்குத்தான் வந்தேன். கெடச்ச அன்னிக்கே கெளம்பிடுவேன், மகன் காத்துட்டிருப்பான்."

கெடச்ச அன்னிக்கே. அந்தச் சொல் என் ரொட்டியில் மணல்போல் கடிபட்டது.

"இதுக்கு எதுக்கு ரூம்?" என்றாள் பெல்லா. "தொறமுகச் செவத்துல நின்னா தெரியுதே. டீ ஆறுறதுக்குள்ள எடுத்துட்டு வந்துடலாம்."

"அங்கேர்ந்து ஜன்னல்தான் தெரியும்," என்றேன். "ஜன்னலுக்குள்ள வானம் தெரியாது. வானம் இல்லாத ஜன்னலுக்கும் அலமாரிக் கதவுக்கும் என்ன வித்தியாசம்? படகுலதான் போகணும்."

"உன் படகு ரெண்டு வருஷமாக் கவுந்து கெடக்கேண்ணே."

"காஞ்சிட்டிருக்கு."

மறுநாள் எல்ஸ்பெத்தை முன்னால் உட்கார வைத்து, பின்னால் எஞ்சின் பக்கம் நான் உட்கார்ந்து கிளம்பினோம். பாறையைச் சுற்றியதும் ஜன்னல் தெரிந்தது. அதற்குள் நீலமாக ஒரு துண்டு வானம். எல்ஸ்பெத் கேமராவைத் திறக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நான் எஞ்சினைத் துடைப்பதுபோல் குனிந்து, ஒரே ஒரு முறை, அந்தச் சொல்லைச் சொன்னேன்.

படகில் இரும்பே இல்லையா என்று கேட்பீர்கள். ஆணியெல்லாம் செம்பு, நங்கூரத்தைக் கரையிலேயே வைத்துவிட்டு வந்தேன். எஞ்சின் இரும்புதான், ஆனால் சூடாக இருந்தது. சூடான இரும்புக்குச் சக்தி கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அவள் பொத்தானை அழுத்துவதற்குள் கோட்டையைக் காணோம்.

"அட, கெரகமே!" என்றாள்.

"நாளைக்கு வந்து பாப்போம்," என்றேன்.

நாளைக்கும் அப்படியே ஆயிற்று. அதற்கு மறுநாளும். அந்த ஜூன் மாதத்துப் பனியைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். கடற்பறவைகள் பறப்பதை நிறுத்திவிட்டுத் தெருவோரமாக நடந்து துறைமுகத்துக்குப் போயின. ஒரு கடல்நாய் எங்கள் படகில் முட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒருமுறை இருமிவிட்டுச் சுற்றிப் போயிற்று. வாசல் கதவைச் சாத்த முடியாமல், பெல்லா வெண்ணெய்க் கத்தியால் பனியை நிலைப்படியோடு அறுத்து வெளியே தள்ள வேண்டியிருந்தது.

பனிக்குள் வேலை இல்லையே, அதனால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள், யார் மூக்கு யார் பேரனுக்கு வந்திருக்கிறது. சில நேரம் தண்ணீர் படகைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் கோதுமைச் சீமையில் அந்தச் சத்தத்துக்காகக் குழாயைச் சொட்டவிட்டுத் தூங்குவாளாம். துணியைப் பற்றிக் கேட்க ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் வேறு ஏதோ கதைதான் வெளியே வந்தது.

பெல்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏண்ணே, ஊர்ல பனி உன் படகக் கண்டாத்தான் எறங்குது?"

"அதுக்கு என்னப் பிடிக்கும்."

"உன் ஒதடு அசையுதுன்னு மாதா கோயில் மேட்டுல இருந்து பாத்தவ சொல்றா."

"ஜெபம்."

"நீயா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் எல்ஸ்பெத் ஒரு கூடையோடு படகில் ஏறினாள். மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. சாப்பாடு என்று நினைத்தேன். படகு ஒரு விரற்கடை அதிகமாக அமிழ்ந்ததைக் கவனித்தும் பெல்லாவின் ரொட்டிதானே, கனமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். எல்ஸ்பெத் கூடையைக் காலடியில் வைத்து, அதன்மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டாள்.

பாறையைச் சுற்றினோம். ஜன்னல் வந்தது. குனிந்து சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி சொன்னேன். வானம் இன்னும் கொஞ்சம் நீலமாயிற்று. பன்றிக்குட்டி என்றேன், தாய்ப்பன்றி என்றேன், பன்றிக்கொழுப்பு, பன்றித்தொடை என்று கசாப்புக் கடையில் கிடைப்பதையெல்லாம் சொன்னேன். எஞ்சினின் சத்தத்தையும் மீறிவிட்டேன் என்று நினைக்கிறேன். கோட்டை குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. கோபுரத்துக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஜன்னலுக்குள் ஒரு மேகம் வந்து, கட்டிவைத்த துணிபோலக் கொஞ்ச நேரம் நின்று போயிற்று.

எல்ஸ்பெத் கேமராவைத் தூக்கினாள்.

சரி, போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். படத்துக்காக அவ்வளவு தூரம் வந்தவள். கிழவன் ஒருவன் முணுமுணுத்து எத்தனை நாளைக்கு ஒரு மனுஷியைப் பிடித்து வைப்பது? தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நாளைப் பேருந்து எப்போது என்று எண்ணிப் பார்த்தேன்.

அவள் விரல் பொத்தான்மேல் இருந்தது. இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. பிறகு கேமராவை இறக்கினாள். குனிந்து துண்டை விலக்கிக் கூடையிலிருந்து எதையோ இரண்டு கையாலும் தூக்கினாள்.

பெல்லாவின் இஸ்திரிப்பெட்டி. அடுப்பில் காயவைத்துத் தேய்க்கும் பழைய முழு இரும்பு. குளிர்ந்து கிடந்தது.

"காலுக்கடியில வெச்சுக்க, என்ன ஆனாலும் காலை எடுக்காதேன்னு குடுத்தா. அண்ணனுக்கு வாய் கெட்டுப்போச்சாம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நான் மீன்காரி மகடா. நீ பின்னால முணுமுணுக்கிறது முன்மூக்கு வரைக்கும் கேக்குது. உனக்குத்தான் காது போச்சு, எனக்கில்ல."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

அவள் இஸ்திரிப்பெட்டியோடு கையைப் படகுக்கு வெளியே நீட்டி விட்டுவிட்டாள். பொளக் என்று ஒரு சத்தம். பெல்லாவின் சீதனத்தில் வந்த பெட்டி. பிறகு எழுந்து நின்று, கோட்டையைப் பார்த்து, ஊரே கேட்கும்படி கத்தினாள்:

"பன்னீ!"

அப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தது. அதற்குள் அவள் சிரிப்பது கேட்டது. முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால்தானோ என்னவோ, என் வாய் திறந்தது.

"எல்ஸ்பெத். அன்னிக்கு அந்தத் துணி."

சிரிப்பு நின்றது.

"கட்டினேன்," என்றது பனி. "ரெண்டு நாள் நனஞ்சு தொங்குச்சு. நீ வரல. போய் அவுத்துட்டு வந்தேன். முடிச்சு அவிழவே இல்ல, பல்லால அவுத்தேன்."

"பனி. எனக்குத் தெரியல."

"பனின்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நடுவுலதானே நின்னேன். கோட்டைக்கு வழி தெரியாதவனா நீ? நடந்து வந்து தொட்டுப் பாத்திருக்கலாம்ல, கழுத!"

"தொட்டுப் பாக்கச் சொல்லலியே. படகுல இருந்து பாக்கத்தானே சொன்ன."

பனிக்குள்ளிருந்து ஈரமான ஒரு கை தடவித் தடவி வந்து, முதலில் என் காதைப் பிடித்தது. தவறுதலாகப் பிடித்தது என்றுதான் நினைத்தேன். நன்றாகத் திருகியது. அதன் பிறகுதான் தோளுக்கு இறங்கி அங்கே இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பெல்லா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என் இஸ்திரிப்பெட்டி எங்க?"

"கடல் கசங்கிக் கெடந்துச்சு," என்றேன். "தேய்க்கக் குடுத்துட்டு வந்தோம்."

நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். அது விழுந்த இடத்தில் இன்றுவரை அலை கிடையாது.

அதற்கப்புறம் ஒளிவு மறைவு இல்லாமல் போயிற்று. தினமும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். ஒருநாள் அவள் முறை, ஒருநாள் என் முறை. சொல்ல வேண்டியவர் மறந்துவிட்டால் மற்றவர் முழங்கையால் இடிப்பார். எப்போதாவது அவள் பனியையே ஒரு படம் எடுப்பாள், விரலுக்குப் பழக்கம் விட்டுப்போகக்கூடாதாம். மகனிடமிருந்து தந்தி வந்தது: படம் எடுத்தாயிற்றா? இன்னும் பனி விலகவில்லை என்று பதில் அனுப்பினாள். பொய்யில்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. பெல்லா கசங்கிய சட்டையோடு கோயிலுக்குப் போய்ப் போய், கசங்கல்தான் புது நாகரிகம் என்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்கள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். எல்ஸ்பெத் மாடி அறையின் ஜன்னலில் மஞ்சளாக ஒரு துணி கட்டினாள். எதற்கு என்று கேட்டேன். பனியில் வீடு தெரிய வேண்டாமா என்றாள். துறைமுகத்திலிருந்து வரும்போது நான் அதைப் பார்க்க மட்டும் செய்யவில்லை. தினமும் மாடிக்கு ஏறிப்போய்த் தொட்டும் பார்த்தேன்.

பெல்லா அடுப்பு மூட்ட வந்து நிற்கிறாள். கதவிலிருந்து கையை எடுக்கச் சொல்கிறாள். எடுத்துவிட்டேன். இனிச் சொல்வதற்கு இரும்பு சாட்சியில்லை.

எல்ஸ்பெத் காலைப் பேருந்தில் வந்து, நல்ல வெயிலில், துறைமுகச் சுவரில் நின்று அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, மதியப் பேருந்திலேயே போய்விட்டாள்.